கிரிந்தையில் கேட்டுக் கட்டிய வீடுகள்



2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எமது கரையோரமெங்கும் வீட்டுத்திட்டங்கள் எழும்பின. அவற்றில் ஒன்றைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. திஸ்ஸமகாராமைக்கு அருகே கிரிந்தையில், முஸ்லிம் மீனவர்களுக்கு வீடு கட்ட வந்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். (2014இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர் இவர்தான்.)

அவர் முதலில் ஊர்ச் சனங்களிடம் கேட்டார். குசினியும் குளியலறையும் வீட்டோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அவை தங்கும் அறைகளிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்றது அரசு. ஆகவே இரண்டுக்கும் நடுவில் கூரையிட்ட ஒரு முற்றம் வந்தது. நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம். வெளியாட்கள் வந்தால் மடிப்புத் தடுப்பை இழுத்துவிட்டுப் பெண்கள் தம் பாட்டில் இருக்கலாம். சுவருக்கு அழுத்திச் செய்த மண்கல், தடுப்புகளுக்கு உள்ளூர் இறப்பர் மரம், வேலைக்கும் உள்ளூர் ஆட்கள்.

நாமோ வளவில் நின்ற வேம்பைத் தறித்து, மதிலோடு ஒட்டிச் சுவர் எழுப்பி, மேலே கொங்கிரீட் போடுகிறோம். பிறகு ஏசி, அதற்குக் கரண்ட் பில். மறைவு வேண்டுமென்றே ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம்.

நமதூரில் பிளான் போடும்போது, நாள் முழுக்கக் குசினிச் சூட்டில் நிற்கும் உம்மாவிடம் யாராவது கேட்டதுண்டா?