அரண்மனைக்கு வருவோரும் பீரப்பாவின் ஊரும்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956-இல் இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. காண வருவோர் மந்திரசாலையையும் மெருகேறிய கருந்தரையையும் வியந்துவிட்டுக் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். தறியில் அமர்ந்து நெய்தபடியே ஞானப் பாடல்கள் இயற்றிய பீர் முஹம்மது அப்பா (ரஹ்) அடங்கியிருக்கும் ஊர் இது என்பதைப் பெரும்பாலோர் அறியார்.

தில்லியில் ஹுமாயூன் கல்லறைக்கு அருகே 2024 ஜூலையில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கல்லறையின் தோற்றத்தை மறைக்காதவாறு, படிக்கிணற்றைப் போல நிலத்துள் இறங்கி அமைந்த கட்டடம் அது. பேரரசரின் வரலாற்றோடு நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்), அமீர் குஸ்ரு ஆகியோரின் வரலாற்றையும் அங்கே காண்கிறோம்.

பத்மநாபபுரத்திலும் அத்தகைய வருகையாளர் மையம் வேண்டும். இரு பருவமழைகளும் பெய்யும் நம் மண்ணுக்கு நிலத்தடிக் கட்டடம் ஒவ்வாது. கோட்டைக்கு வெளியே, அரண்மனையை விஞ்சாத சரிந்த ஓட்டுக்கூரை போதும். உள்ளே அரசர்களோடு நெசவாளருக்கும் இடம் வேண்டும்: ஒரு கைத்தறி, தர்காவுக்கு வழிகாட்டும் வரைபடம், ரஜப் மாதத்தில் இரவெல்லாம் பாடப்படும் ஞானப்புகழ்ச்சியின் ஒலிப்பதிவு. தர்கா காட்சிப்பொருளன்று, ஆகவே எதைக் காட்டலாம் என்பதை ஜமாஅத்தே முடிவு செய்யட்டும்.

கட்டடம் அரசின் வேலை. முதியோரின் குரலில் அப்பாடல்களைப் பதிவு செய்வது நம் வேலை. அதற்கு எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.