கைகட்டு (தீவிர சிகிச்சைப் பிரிவு)

மூச்சுக்காகச் செருகிய குழாயை நோயாளி பிடுங்கிவிடாதிருக்க, மணிக்கட்டைத் துணிநாடாவால் கட்டில் கம்பியோடு பிணைப்பது. கம்பம் பள்ளத்தாக்கு போன்ற விவசாயப் பகுதிகளில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. பூச்சிமருந்து குடித்தவருக்கு முறிமருந்தாக ஏற்றும் அட்ரோபின் அளவு மிஞ்சினால் புத்தி தடுமாறும். வெறுங்காற்றில் எதையோ பிடிப்பார், கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார். இரவுப்பணியில் தனியாகப் பல படுக்கைகளைப் பார்க்கும் செவிலியர், கட்டுவதைப் பாதுகாப்பாகவே நினைக்கிறார். அவரைக் கல்நெஞ்சர் என்பது நியாயமல்ல. ஆனால் கட்டியிருந்தும் குழாயைப் பிடுங்கியவர்கள் உண்டு. சாகத் துணிந்து பிழைத்தவருக்கோ அந்தக் கட்டு இன்னொரு காயம்.

நோயாளியின் மனக்காயம் அறிந்து நடக்கும் பராமரிப்பு முறை, முதலில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்கிறது. இருக்குமிடத்தைச் சொல்லி, வலியைத் தணித்து, வீட்டார் ஒருவரை அருகில் இருத்தச் சொல்கிறது. கட்டியே தீரவேண்டுமென்றால் நாடாவுக்குள் இரு விரல் நுழையவேண்டும்; விரல்நுனி நிறம் மாறுகிறதா என்று அடிக்கடி பார்க்கவேண்டும்.

கட்டிவைப்பது உயிரையே பறிக்கவும் கூடும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்ப முடியாமல் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல நிலையங்களில் சங்கிலியைத் தடைசெய்தது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டி யாரையும் கட்டக்கூடாது என்பதும் அச்சட்டத்தில் உள்ளது.