இக்ஸீர் முதல் மின்சிகரெட் வரை: குப்பிக்குள் இருப்பதற்கு யார் பொறுப்பு?

அரபு மொழியில் ‘இக்ஸீர்’ என்றொரு சொல் உண்டு. மட்டமான உலோகத்தைப் பொன்னாக்கும் என்று நம்பி ரசவாதிகள் தேடிய பொருளுக்கு அந்தப் பெயர். ‘அல்’ என்ற முன்னொட்டோடு அது இலத்தீனுக்குச் சென்று ‘எலிக்சிர்’ ஆயிற்று. பிற்காலத்தில் இனிப்பும் ஆல்கஹாலும் கலந்த குடிமருந்துகளுக்கு மேலைநாட்டு மருந்தாளர்கள் அப்பெயரைச் சூட்டினர். அந்தச் சொல் 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் மரணத்தோடு பிணைந்துபோயிற்று. மின்சிகரெட்டில் ஊற்றப்படும் திரவத்தைச் சோதித்தறிவது யாருடைய கடமை என்ற இன்றைய வழக்கின் வேர் அந்நிகழ்வில்தான் இருக்கிறது.

சல்ஃபனிலமைடு அக்காலத்தில் தொண்டைத் தொற்றுக்குப் பயன்பட்ட நல்ல மருந்து. மாத்திரையாகவும் தூளாகவும் கிடைத்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கத் திரவ வடிவில் வேண்டும் என்று கேட்போர் பெருகவே, டென்னசி மாநிலத்தின் மாசென்கில் நிறுவனம் அதை டை எத்திலீன் கிளைகாலில் கரைத்து, ராஸ்பெரிப் பழச்சுவை சேர்த்து, ‘எலிக்சிர் சல்ஃபனிலமைடு’ என்று விற்பனைக்கு அனுப்பியது. நிறுவனத்தின் ஆய்வகம் அதைச் சோதிக்காமல் இல்லை. சுவையைச் சோதித்தார்கள், தோற்றத்தையும் மணத்தையும் சோதித்தார்கள். உயிரைக் கொல்லுமா என்பதை மட்டும் சோதிக்கவில்லை. டை எத்திலீன் கிளைகால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. இறந்தவர்களில் பலர் குழந்தைகள்.

அரசின் ஆய்வாளர்கள் ஊர் ஊராக அலைந்து குப்பிகளைத் தேடினர். தயாரான 240 கேலனில் 234 கேலன் மீட்கப்பட்டது; எஞ்சியதே அத்தனை உயிர்களையும் குடித்தது. நிறுவனத்தின் உரிமையாளரோ, வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுத்தோம், எங்கள் மீது பொறுப்பு எதுவும் இல்லை என்ற கருத்தையே வெளியிட்டார். சட்டமும் ஏறக்குறைய அவர் பக்கமே நின்றது. விற்குமுன் சோதிக்க வேண்டும் என்ற விதியே அன்று இல்லை. ‘எலிக்சிர்’ என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்ற ஒரே காரணத்தால்தான் அம்மருந்தைப் பறிமுதல் செய்ய முடிந்தது. ஆல்கஹால் இல்லாமற் போனதே குற்றமாயிற்று! அடுத்த ஆண்டு, 1938இல் வந்த சட்டம்தான் ஒரு புதிய மருந்து பாதுகாப்பானது என்பதை விற்பனைக்கு முன்பே காட்டும் கடமையைத் தயாரிப்பாளர் மீது சுமத்தியது.

நம் மார்க்க நூல்களைக் கற்றவர்களுக்கு இந்தக் கடமை புதிதன்று. கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று விற்றவர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபியவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேற்பரப்பு காய்ந்திருந்தது, கை உள்ளே போன பிறகே உண்மை தெரிந்தது. மருத்துவத்தில் தேர்ச்சி அறியப்படாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் ‘ளமான்’, அதாவது ஈடுசெய்யும் பொறுப்பு, அவரையே சேரும் என்ற ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. இந்த அடித்தளத்தின் மேல்தான் ‘ஹிஸ்பா’ என்ற சந்தைக் கண்காணிப்பு முறை வளர்ந்தது. ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிப்களுக்காக எழுதிய கையேட்டில் சர்பத் காய்ச்சுவோர், மருந்துச் சரக்கு விற்போர், வாசனைப் பொருள் விற்போர் ஆகியோருக்குத் தனித்தனி அத்தியாயங்களே ஒதுக்கினார்.

இனி மின்சிகரெட்டுக்கு வருவோம். 2003இல் சீன மருந்தாளர் ஹான் லிக் வடிவமைத்த கருவி சில ஆண்டுகளிலேயே அமெரிக்கச் சந்தையை அடைந்தது. அதன் திரவத்தில் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், நிகோடின், சுவையூட்டிகள் இருக்கும். முதலிரண்டும் தூய்மையற்ற தரத்தில் வாங்கப்பட்டால் டை எத்திலீன் கிளைகால் கலந்துவிடக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் 18 குப்பிகளைச் சோதித்தபோது, ஒன்றில் ஏறத்தாழ 1 விழுக்காடு அந்த நஞ்சே இருந்தது. நிகோடின் இல்லை என்று முகப்பில் எழுதியிருந்த குப்பிகளிலும் நிகோடின் அகப்பட்டது. எழுபதாண்டுகள் கழித்தும் அதே நஞ்சு!

அப்போது நிர்வாகத்தின் கைகள் கட்டப்பட்டிருந்தன. இது மருந்து என்று கூறி அவர்கள் இறக்குமதியைத் தடுத்தார்கள். நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்காதவரை இது மருந்தாகாது, புகையிலைப் பொருளே என்று 2010இல் தீர்ப்பாயிற்று. புகையிலை விதிகளோ 2016 ஆகஸ்டில்தான் இதற்கு நீட்டிக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்துக்குரிய சோதனையும் இல்லை, புகையிலைக்குரிய கட்டுப்பாடும் இல்லை. இந்த இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான சுவைகள் சந்தைக்கு வந்தன.

சுவையூட்டிகளைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்றுண்டு. இவை மிட்டாயில் போடுகிற பொருள்கள்தாமே, உண்பதற்கு அனுமதிக்கப்பட்டவைதாமே என்பார்கள். அந்த அனுமதி உண்பதற்கு மட்டும் உரியது. வயிற்றுக்குள் போவது குடலையும் கல்லீரலையும் கடந்தே இரத்தத்தில் சேரும். நுரையீரலுக்கு அப்படியொரு காவல் இல்லை. மிசூரி மாநிலத்தில் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர்கள் 8 பேருக்கு நுண்மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துப்போகும் கொடிய நோய் இருப்பது 2000இல் வெளிப்பட்டது. அவர்கள் சுவாசித்தது வெண்ணெய்ச் சுவை தரும் டைஅசிட்டைலின் ஆவி. அந்தப் பொரியைத் தின்றவர்களுக்கு அந்நோய் வரவில்லை. 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுவையூட்டிய மின்சிகரெட்டுகளில் 51 வகைகளைச் சோதித்தனர். 39இல் டைஅசிட்டைல் இருந்தது.

2019இல் வந்தது பெருந்துயரம். 2020 பிப்ரவரிக்குள் அமெரிக்காவில் 2,807 பேர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனை சேர்ந்தோ இறந்தோ போயினர். உயிரிழந்தோர் 68 பேர். நோயாளிகள் 51 பேரின் நுரையீரல் நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள் கண்டறியப்பட்டது. தோலில் பூசவும் விழுங்கவும் பயன்படும் பொருள்தான் அது. நடுநிலையாகச் சொல்வதானால், இவர்களில் பெரும்பாலோர் பயன்படுத்தியது கஞ்சாச் சத்து கலந்த திரவம். அதுவும் முறையான கடைகளில் வாங்கியதன்று. திரவத்தைக் கெட்டியாகக் காட்டுவதற்காக விற்பவர்கள் கலந்த பொருள் அது. முஹ்தஸிப்களின் காலத்துப் பாலில் நீர் கலந்தவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு அளவில்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் நடந்தது. 2014இன் வழிகாட்டு ஆணைப்படி நிகோடின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது. நிரப்புக் குப்பி 10 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது. விற்பனைக்கு ஆறு மாதம் முன்னரே சேர்மானங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பொருளின் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் முழுப் பொறுப்பு தன்னுடையதே என்று தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் எழுதித்தர வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. ஃபிக்ஹ் படித்த எவரும் இதை ளமான் என்றே வாசிப்பார். அமெரிக்காவில் 2020 செப்டம்பருக்குள் விண்ணப்பிக்க நீதிமன்றம் கெடு விதித்தபின் பல இலட்சம் பொருள்களுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. மிகப் பெரும்பாலானவை மறுக்கப்பட்டன. சுவைத் திரவங்களுக்கான அத்தகைய மறுப்பை எதிர்த்த வழக்கில், 2025 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிர்வாகத்தின் பக்கம் நின்றது.

நம் நாட்டில் தமிழக அரசு 2018இலும், நாடு தழுவிய சட்டம் 2019இலும் மின்சிகரெட் விற்பனைக்குத் தடை விதித்தன. முதன்முறை விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை, ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதம். தடை வேண்டியதுதான், உடலுக்குக் கேடு தருவதை மார்க்கம் அனுமதிப்பதில்லை. ஆனால் தடைசெய்யப்பட்ட பொருளைச் சோதித்து முத்திரையிட எவரும் இல்லை. மறைவாக ஒரு மாணவன் கைக்கு வரும் குப்பிக்குச் சேர்மானப் பட்டியல் கிடையாது. இருந்தாலும் அதற்குப் பொறுப்பேற்கும் முகவரி கிடையாது. அதன் நிலை 1937இன் புட்டியைவிடக் கீழானது. அதிலாவது தயாரித்தவர் பெயர் இருந்தது.

2019இல் பாதிக்கப்பட்டோர் பலருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் மட்டுமன்றி வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சலும் இருந்தமையால் அது தொற்றுநோய் போலவே தோன்றியது. வேப் பயன்படுத்தியது தெரிந்த பிறகே மருத்துவர்களுக்குக் காரணம் பிடிபட்டது. வீட்டுப் பிள்ளை மருத்துவமனை செல்ல நேர்ந்தால், ஊருக்கு அஞ்சி இதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குப்பி கையில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.