தன் நிலையைத் தானே சொல்லும் குளம்

ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு, பழுதாகும் முன்பே தன் நிலையைத் தானே அளந்து எச்சரிக்கும் ஏற்பாட்டுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். தற்கண்காணிப்பு, பகுப்பாய்வு, அறிவிப்பு என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து வந்த பெயர் இது. 1992ல் ஐபிஎம் நிறுவனமும் 1995ல் காம்பாக் நிறுவனமும் செய்த முயற்சிகளிலிருந்து இது வளர்ந்தது. கருவி புதிது, கருத்து பழையது. திருநெல்வேலிச் சீமையில் குளங்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கு 'மறுகால்' என்று பெயர்.

கால் என்றால் வாய்க்கால். ஒரு கால் வழியாகக் குளத்துக்கு வரும் தண்ணீர், குளம் நிறைந்ததும் இன்னொரு கால் வழியாக வெளியேறும். அதுவே மறுகால். "குளம் மறுகால் பாயுது" என்று ஒருவர் சொன்னால் போதும், குளம் நிறைந்த செய்தி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அளவுகோல் தேவையில்லை. சீவலப்பேரி அருகே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ள மறுகால்தலை, பெயரிலேயே இந்தச் சொல்லைத் தாங்கி நிற்கிறது.

மறுகால் தொடங்கும் இடத்தில் உள்ள கற்கட்டு கலிங்கு. ஆங்கிலேயப் பொறியாளர்கள் இதற்கு வேறு சொல் தேடவில்லை. 'கலிங்குலா' என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1886ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலும் அது ஏறிவிட்டது. (தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் என்றால் பலருக்கும் கட்டுமரம் மட்டுமே நினைவுக்கு வரும்!)

கலிங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்பதுண்டு. மழைக்காலம் முடியும்போது கற்களுக்கு இடையே பலகையோ மண்ணோ வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், பின்னால் பயிருக்கு உதவும். ஆபத்தும் இங்கேதான். அடைப்பை எடுக்காமல் விட்டு, பெருமழை பெய்துவிட்டால் தண்ணீர் மண்கரை மேல் ஏறி அதை அரித்துவிடும். வன்தட்டு சில சமயம் எச்சரிக்காமலே செத்துப்போகும். 2007ல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டவில்லை. கலிங்கு அப்படியல்ல. மனிதர் அதன் வாயை அடைத்தால்தான் அது பேசாமலிருக்கும்.

தாமிரபரணிப் பாசனத்தில் பல குளங்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல்குளத்தின் மறுகால்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. அதனால் மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளதும் தாங்குவது கடினம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான குளங்கள் உடைந்தன. அத்தனை தண்ணீரையும் கடத்திவிட மறுகால்களால் முடியவில்லை.