உத்திரமேரூர்ச் சுவரில் ஒரு வரலாற்றுப் பாடம்

ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை மாணவர்களுக்கு விளக்க உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைவிடப் பொருத்தமான இடம் அரிது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) தேர்தல் விதிகளையே அடுக்குகின்றன. 30 குடும்புகளிலும் (ஊர்ப் பிரிவுகளிலும்) தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனை எடுக்கவைத்தனர். உறுப்பினராவோர் வயது 35 முதல் 70 வரை. வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும். கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினருக்கும் இடமில்லை.

இதை மக்களாட்சி என்று புகழ்ந்து நிறுத்திக்கொள்வது பாதிப் பாடம்தான். இந்தச் சபை பிராமண நிலவுடைமையாளருடையது. நிலத்தை உழுதவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. 21 வயதில் போட்டியிடலாம், பாதி இடங்கள் பெண்களுக்கு என்னும் இன்றைய தமிழ்நாட்டு ஊராட்சி விதிகளை அருகே வைத்தால், வேறுபாட்டை மாணவர்களே கண்டறிவார்கள்.