1967 தேர்தல்: ரிசல்ட்டுக்கு மறுநாள்

எங்க ஊர் டீக்கடைச் சுவரில் 'இங்கே அரசியல் பேசாதீர்' என்று ஒரு அட்டை தொங்குகிறது. அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் காலை ஐந்தரை மணியிலிருந்து எல்லாரும் அரசியல் பேசுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கத்திப் பேசிவிட்டு, போகும்போது ஒருத்தன் டீக்கு இன்னொருத்தன் காசு கொடுத்துவிட்டுப் போவான்.

வம்பு வந்தது செல்போனில். கால்வாயில் தண்ணி எப்ப வரும், யாருக்கு முறை என்று சொல்வதற்காக எங்க மடைக்காரர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் ஒருத்தர் அதில் எதிர்க்கட்சித் தலைவரைக் கேலி செய்து ஒரு படம் போட்டார். பதிலுக்கு இன்னொருத்தர் அவர் வீட்டுப் பொம்பளைகளை இழுத்து ஒரு வரி எழுதினார். ரெண்டு பேரும் பங்காளிகள். அன்னைக்கு நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை. வாய்க்கால் மராமத்துக்கு ஒருத்தர் வந்தால் இன்னொருத்தர் வருவதில்லை, அவங்க பக்கத்து ஆட்களும் வருவதில்லை. வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. கடைமடைக்குத் தண்ணி எட்டவில்லை. அதில் என் ரெண்டு ஏக்கரும் அடக்கம்.

இதைச் சொன்னால் டவுனில் இருக்கும் நண்பர்கள் உடனே, 'அந்தக் காலத்து அரசியல் நாகரிகம் இப்ப எங்க இருக்கு?' என்று ஆரம்பிக்கிறீர்கள். அந்தக் காலத்திலும் யாரும் பூப்போலப் பேசியதில்லை. சந்தேகம் இருந்தால் 1967 தேர்தலைப் பாருங்கள். எங்க வீட்டுப் பெரியவர்கள் சாகும் வரைக்கும் பேசிய தேர்தல் அது.

நாடு முழுக்க நடந்த நாலாவது பொதுத்தேர்தல். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே ஓட்டு. அதற்கு ரெண்டு வருஷம் முன்னால்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து, துப்பாக்கிச்சூட்டில் பலர் செத்திருந்தார்கள். மழை பொய்த்து அரிசிக்குத் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னது. (படி என்றால் என்ன அளவு என்று கேட்கும் பிள்ளைகள், வீட்டுப் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளவும்.) இதற்கு நடுவில் ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஆர்.ராதா சுட்டு, எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் கிடந்தார். கழுத்துக் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் படுக்கையில் இருந்தபடியே ஜெயித்தார். ஓட்டுப்போடும் தகுதி உள்ளவர்களில் நூற்றுக்கு 76 பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்றால் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடைப் பேச்சும் கோஷமும் காது கூசுகிற மாதிரிதான் இருந்ததாம், ரெண்டு பக்கமும். ஆனால் ஒன்று. அரிசி விலையையும் பருப்பு விலையையும் வைத்துக் காமராஜரையும் பக்தவத்சலத்தையும் வறுத்தெடுத்த அந்தப் பேர்போன கோஷத்தில்கூட 'அண்ணாச்சி' போட்டுத்தான் கேட்டார்கள். எதுகைக்காகப் போட்டது என்பீர்கள். இருக்கட்டுமே, எதுகைக்கு வேற வார்த்தையா கிடைக்காது?

ரிசல்ட் வந்தது. 234 இடத்தில் தி.மு.க.வுக்கு 137. சுதந்திரம் வந்த நாளிலிருந்து ஆண்ட காங்கிரஸ் இறங்கியது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், சாஸ்திரியையும் இந்திரா காந்தியையும் பிரதமர் நாற்காலியில் உட்கார வைக்க முன்னின்றவர், சொந்த ஊரில் பெ.சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

அண்ணாவுக்கு இது எப்படிப்பட்ட நாள் என்பது புரிய, 1962-க்குப் போகணும். 1957-ல் முதல்முறையாக ஜெயித்து உள்ளே போன தி.மு.க.காரர்கள் 15 பேர். அந்தப் பதினைந்து பேரையும் அடுத்த முறை உள்ளே விடக்கூடாது என்று காமராஜர் குறிவைத்து வேலை செய்தார். கட்சிக்குக் கூடுதல் இடம் கிடைத்தது, ஆனால் அந்தப் பதினைந்தில் கருணாநிதி ஒருத்தர்தான் தப்பினார், அவரும் தொகுதி மாறி. அண்ணா சொந்தக் காஞ்சிபுரத்திலேயே தோற்றார். தன்னை அப்படித் தோற்கடித்தவர் அஞ்சு வருஷம் கழித்து அதே மாதிரி சொந்த ஊரில் விழுந்து கிடக்கிறார். நானாக இருந்தால் ஒரு பொட்டலம் லட்டாவது வாங்கியிருப்பேன். அண்ணா சந்தோஷப்படவில்லை, காமராஜர் தோற்றிருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டார், கட்சிக்காரர்களின் ஆட்டத்தையும் அடக்கினார் என்று அன்றைக்குக் கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் நல்ல மனசு மட்டும்தான் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை, கணக்கும் இருக்கிறது. அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் வெறும் எதிரியாக மட்டும் பார்த்தவர்கள் இல்லை. 1954-ல் காமராஜர் முதலமைச்சராகி குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது அவரை ஆதரித்தது இதே தி.மு.க.தான். அதே வருஷம் காமராஜரும் ஒரு காரியம் செய்தார். தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவருக்காக நின்ற பக்தவத்சலத்தையும் கூப்பிட்டு மந்திரி ஆக்கினார். இன்றைக்கு எதிரே நிற்கிறவன் நாளைக்குப் பக்கத்தில் நிற்கவேண்டி வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சம்சாரிக்கும் இது தெரியும். வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைப் பிடிக்காவிட்டால் வரப்பையா தூக்கிக்கொண்டு போகமுடியும்?

பெரியார் கதை இன்னும் கஷ்டமானது. 1949-ல் அண்ணா அவரை விட்டுப் பிரிந்து தி.மு.க.வை ஆரம்பித்தார். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் பெரியார் அவர்களைத் திட்டாத திட்டு இல்லை. 1967-லும் பெரியார் காங்கிரஸுக்குத்தான் ஓட்டுக் கேட்டார். ஜெயித்து, பதவியேற்பதற்கு முன்பே அண்ணா கிளம்பித் திருச்சிக்குப் போய் அந்தப் பெரியாரைப் பார்த்தார். கூப்பிட்டுப் போகவில்லை, தானாகப் போனார். அந்தக் கூட்டணியில் ராஜாஜியும் இருந்தார், பெரியாரின் ஆயுள்காலத்து எதிராளி. அவர் என்ன நினைப்பார் என்று பார்த்து அண்ணா தயங்கவில்லை. தன்னைத் தோற்கடிக்க ஊர் ஊராகப் போனவர் வீட்டுப் படியை ஜெயித்தவன் ஏறிப்போவது சின்ன விஷயம் இல்லை. அப்புறம் சட்டமன்றத்தில் வைத்தே இந்த மந்திரிசபை பெரியாருக்குக் காணிக்கை என்றும் சொன்னார்.

எல்லாரும் அப்படி இருந்துவிட்டார்கள் என்று எழுதினால் அது புளுகு. முதலமைச்சராக இருந்து தோற்ற பக்தவத்சலம், நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்றார். ஓட்டுப் போட்ட சனத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவர் செய்த நல்ல வேலைகளை விட அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கும் நிற்கிறது.

எங்க வீட்டு 1967-ஐயும் சொல்லிவிடுகிறேன். எங்க அய்யா, அதாவது அப்பாவைப் பெத்தவர், காங்கிரஸ். அப்ப அந்தக் கட்சிக்கு நுகத்தடி பூட்டிய காளைச் சின்னம். 'மாட்டை வச்சுப் பொழைக்கிறவன் மாட்டுக்கு ஓட்டுப் போடாம சூரியனுக்கா போடுவான்' என்பார். அவர் மச்சினன், எங்க அப்பத்தாவின் தம்பி, தீவிர தி.மு.க. ரெண்டு பேருக்கும் ஒரே கிணறு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. கமலை இறைக்க ஆளுக்கு ஒரு மாடு, சேர்த்துக் கட்டினால்தான் ஜோடி. பிரச்சாரம் நடந்த நாட்களில் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் முறை நாளில் மாட்டை ஓட்டி வந்து கிணற்றடியில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வறட்சி வருஷம், கிணற்றில் தண்ணியே கொஞ்சம். அதில் ஒருவேளை இறவையை நிறுத்தி மற்றவனைப் பழிவாங்க ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் செய்யவில்லை.

ரிசல்ட்டுக்கு மறுநாள் எங்க அய்யாவின் முறை. மச்சினன் வழக்கம்போல மாட்டோடு வந்தார். கறுப்பு சிவப்புத் துண்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தாராம். அய்யா ஒன்றும் சொல்லாமல் கமலையைப் பூட்டினார். அப்பத்தாதான் கோபத்தைக் காட்டினாள். தம்பிக்குக் கஞ்சி ஊற்றினாள், வெங்காயமும் வைத்தாள், உப்பு மட்டும் போடவில்லை. அவர் அதைக் குடித்துவிட்டு, 'அக்கா, காங்கிரஸ் போனதும் உப்பும் போயிருச்சா?' என்று கேட்க, அய்யா சிரித்துவிட்டார். அதோடு முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு மறுபடி சண்டை போட்டார்கள் என்பது வேற.

மேலூர்ப் பக்கத்து ஆளாக இருந்துகொண்டு கக்கனைப் பற்றிப் பேசாமல் 1967-ஐ முடிக்க முடியாது. தும்பைப்பட்டிக்காரர். 1957-லிருந்து பத்து வருஷம் மந்திரி. பொதுப்பணி, விவசாயம், கடைசியில் போலீஸ் என்று எல்லாம் பார்த்தவர். வைகை அணை முடிந்தது அவர் பொதுப்பணித் துறையை வைத்திருந்த காலத்தில். இந்தி எதிர்ப்பின்போது போலீஸ் மந்திரி அவர்தான். அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு அவரும் பதில் சொல்லியாகணும், நல்லவர் என்பதற்காக அதை மறைக்கக் கூடாது. அந்தத் தேர்தலில் அவரும் தோற்றார். ஆனால் பத்து வருஷம் மந்திரியாக இருந்தவர் பதவி போனதும் இருக்க ஒரு சொந்த வீடு இல்லாமல் வாடகை வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் போய் வந்தார். இன்றைக்கு ஓட்டுக்குத் துட்டு வாங்கிக்கொண்டு 'யார்தான் யோக்கியம்' என்று பேசுகிறோமே, அந்தக் கேள்விக்குப் பதில் எங்க தாலுகாவிலேயே இருந்தது.

அவர் உடம்பு முடியாமல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தார். அப்ப முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., 1967-ல் கழுத்துக் கட்டோடு போஸ்டரில் இருந்து கக்கனின் கட்சியை இறக்கியவர். வேற ஒருத்தரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கக்கன் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நேரே அந்த வார்டுக்குப் போனார். நல்ல சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். அவர் அரசு கக்கனுக்கு வாடகையில்லாத வீடும் உதவித்தொகையும் கொடுத்தது. 1981 டிசம்பரில் கக்கன் காலமானார்.

தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மதுரையிலிருந்து திருச்சி ரோட்டில் வந்தால் மேலூரைத் தாண்டி வரும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போங்கள். அந்த ரெண்டு பங்காளிகளிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன், வர்ற ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் வேலை இருக்கிறது என்று. ஒருத்தர் வருகிறேன் என்றார். இன்னொருத்தர் 'பார்ப்போம்' என்றிருக்கிறார்.