படையும் கஜானாவும் இல்லாத அதிகாரம்

அமெரிக்க அரசுக்கு மூன்று அங்கங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சட்டம் போடக் காங்கிரஸ், அதை நடத்த ஜனாதிபதி, வழக்கைத் தீர்க்க நீதிமன்றம். முதலாவதன் கையில் கஜானா, இரண்டாவதன் கையில் படை. மூன்றாவதிடம் இருப்பது தீர்ப்பு எழுதும் காகிதம்தான். அந்தக் காகிதத்துக்கு மதிப்பு வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1787இல் எழுதப்பட்ட அரசியல் சாசனத்தில், காங்கிரஸ் போட்ட சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று சொல்லலாம் என வெளிப்படையாக ஒரு வரிகூடக் கிடையாது. அது வந்தது ஒரு சின்ன வேலை விவகாரத்தில். தேர்தலில் தோற்ற ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், 1801 மார்ச்சில் பதவி முடியும் கடைசி நேரத்தில் பலரை நீதிபதிகளாக நியமித்தார். அவர்களில் ஒருவர் வில்லியம் மார்பரி. நியமன உத்தரவில் கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்தது. கைக்குத்தான் வந்து சேரவில்லை. புதிய ஜனாதிபதி ஜெஃபர்சன் அதைக் கொடுக்கவிடாமல் நிறுத்திவிட்டார். மார்பரி நேராக உச்சநீதிமன்றம் போனார்.

வேடிக்கையைப் பாருங்கள்! அந்த உத்தரவை அனுப்பாமல் விட்ட அன்றைய வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷலேதான் இப்போது தலைமை நீதிபதி. "கொடு" என்று உத்தரவிட்டால் அரசு காதில் போட்டுக்கொள்ளாது; கோர்ட்டின் மானம் போகும். மறுத்தாலோ பயந்துவிட்டது என்பார்கள். 1803 பிப்ரவரி 24 அன்று மார்ஷல் தீர்ப்பளித்தார்: மார்பரிக்கு அந்தப் பதவிக்கு உரிமை உண்டு, ஆனால் இப்படிப்பட்ட வழக்கை நேரடியாக உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுவர இடம் தரும் 1789ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு சாசனத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது. மார்பரிக்கு வேலை கிடைக்கவில்லை. கோர்ட்டுக்குப் பெரிய அதிகாரம் கிடைத்தது. ஜெஃபர்சனுக்கு மீறுவதற்கு உத்தரவு எதுவுமே இல்லையே!

ஆனால் அதிகாரம் வேறு, பலம் வேறு. செரோக்கி பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832இல் அதே மார்ஷல் கோர்ட் சொன்னது. மாநிலம் சட்டை செய்யவில்லை. ஜனாதிபதி ஜாக்சனும் அம்மக்களைக் காக்க முன்வரவில்லை. 1838இல் படைவீரர்கள் அவர்களை வீடுகளிலிருந்து கிளப்பி மேற்கே அனுப்பினார்கள். முகாம்களிலும் வழியிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தீர்ப்பு அவர்கள் பக்கம்தான் இருந்தது.

1957இல் நடந்தது வேறு. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாதென்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். ஆளுநர் ஃபாபஸ் மாநிலக் காவல்படையைக் கொண்டு தடுத்தார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பி, அந்தப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போக வைத்தார். அடுத்த ஆண்டு மாநிலத்தின் எதிர்ப்பை நிராகரித்தபோது, உச்சநீதிமன்றம் மார்பரி வழக்கைத்தான் எடுத்துக்காட்டியது.

அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் செல்லாதென்று நம் சாசனத்தின் 13ஆம் பிரிவு எழுத்திலேயே சொல்லிவிட்டது. மார்ஷல் பட்ட பாடு நமக்கு இல்லை. ஆனாலும் செரோக்கி மக்களின் கதை நமக்கும் பாடம்தான். நீதிபதி எழுதினால் மட்டும் போதாது. பதவியில் இருப்பவர்கள் பணிய வேண்டும், பணியாதபோது மக்கள் ஏனென்று கேட்க வேண்டும்.